நான்கு அம்மாக்களும் ஓர் ஏ-ஃபோர்ட்டியும்

ஒரு புருஷன், அவருடைய நான்கு பெண்சாதிகள், அவர்களுடைய பதினொரு பிள்ளைகள், கழுத்தில் டை கட்டிய ஓர் அரசாங்க உத்தியோகத்தர். மொத்தம் பதினேழு பேர். கூடவே கொம்பு முளைத்த ஓர் ஆடு. இத்தனையையும் ஒரே ஒஸ்டின் ஏ-ஃபோர்ட்டி காரில், ஒரே தடவையில், ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்து இறக்கியவன் நான்தான். வழியில் டயர் வெடிக்கவில்லை. ஒருவரும் வாந்தி எடுக்கவில்லை. ஆடுகூட மரியாதையாகத்தான் வந்தது, ஒரு விஷயத்தைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

சாட்சி வேண்டுமென்றால் அந்த ரோட்டைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அதில் ஒரு பகுதி, பழைய தெல்தெனிய டவுனோடு சேர்ந்து, விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் முங்கிப் பார்த்துவிட்டு வரலாம். என் டயர்த் தடம் இன்னும் அழிந்திருக்காது. அவ்வளவு பாரம்.

நாற்பது வருடம் கண்டி மார்க்கட்டடியில் ஹயர் கார் ஓட்டினேன். கண் மங்கியதும் காரை விற்றுவிட்டேன். இப்போது எனக்கு உத்தியோகம், மஹய்யாவையில் ஜமால்தீனின் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து கதை சொல்வது. சம்பளம் ஒரு பிளேன்டீ. கேட்பவர்கள் பாதி நம்புவார்கள், பாதி சிரிப்பார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். பொய் என்று முகத்துக்கு நேரே சொல்பவர் ஒரே ஒருவர், ராஜலிங்கத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இளந்தாரியாகக் கண்டிக்கு அரசாங்க வேலைக்கு வந்தவர். பென்ஷன் எடுத்த பிறகும் இந்தக் குளிரை விட்டுப்போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டார். கடையின் மூலைக் கதிரை அவருக்கு எழுதிவைத்ததுபோல. பேப்பரை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, காதை மட்டும் என் பக்கம் வைத்திருப்பார்.

"செல்லச்சாமி, ஏ-ஃபோர்ட்டிக்குள்ள நாலு பேர் இருந்தாலே முழங்கால் மூக்கில இடிக்கும்," என்பார் பேப்பருக்குப் பின்னால் இருந்து. "பதினேழு பேரை என்ன, அரைச்சோ ஏத்தினனீர்?"

"அடுக்கினேங்க ஐயா. அடுக்கத் தெரிஞ்சவனுக்கு அலுமாரியும் ஒண்ணு, காரும் ஒண்ணு."

"விசர்க் கதை," என்று ஒரு பக்கத்தைப் புரட்டுவார்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கம். ஜமால்தீனின் வாப்பா முஹைதீன் நானாவுக்கு ஹுன்னஸ்கிரியவில் கொஞ்சம் தேயிலைக் காணியும், துரைமார் விட்டுப்போன ஒரு பழைய பங்களாவும் இருந்தன. அதை வாடகைக்குக் கேட்டு ஓர் அமெரிக்கர் வந்தார். பெயர் ஓர்சன். தென்னை மரத்துக்குத் தாடி முளைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருப்பார். அவருக்குப் பின்னால் நான்கு பெண்கள், கழுத்துவரை பொத்தான் போட்ட நீள கவுனோடு வரிசையாக நின்றார்கள்.

"இது என் மனைவி," என்றார் ஓர்சன். முஹைதீன் நானா தலையாட்டினார். "இதுவும் என் மனைவி." நானா திரும்பவும் தலையாட்டினார். மூன்றாவது ஆளுக்கு நானாவின் தலை பாதியில் நின்றுவிட்டது. நான்காவது ஆளோடு ஓர்சன் நிறுத்திக்கொண்டதும் நானாவின் முகம் மலர்ந்தது. என்னை ஓரமாக இழுத்தார்.

"நாலோட நிண்டுட்டாரு, பாத்தியா. கணக்கு சரி. நம்ம ஆளா ஈக்கும் போல. ஒரு சலாம் செல்லிப் பாப்பமா?"

சொல்லிப் பார்த்தார். ஓர்சன் தொப்பியைக் கழற்றி "குட் மோர்னிங்" என்றார். நானாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் பங்களாவைக் கொடுத்துவிட்டார். வீட்டில் நானாவின் மனைவி ஸுலைஹா தாத்தா விஷயத்தைக் கேட்டதும் உடனே சட்டம் போட்டுவிட்டார்.

"பங்களா பக்கம் நீங்க போகத் தேவல்ல. என்ன வேலண்டாலும் செல்லச்சாமி போகட்டும். அது தொத்துற வியாதி."

அப்படித்தான் வாரா வாரம் அந்தப் பங்களாவுக்கு நான் போகவேண்டி வந்தது. என் வீட்டிலும் புஷ்பம் சும்மா இருக்கவில்லை. "முருகனுக்கே ரெண்டுதான். இந்த ஆளுக்கு எதுக்கு நாலு?" என்றாள்.

"எனக்கு ஒண்ணு போதும்மா," என்றேன்.

"அந்த ஒண்ணுக்கே நீங்க போதாது. போங்க."

ஓர்சனின் குடும்பம் மோர்மன் வழியில் வந்தது. மோர்மன் என்பது அமெரிக்காவில் உண்டான ஒரு கிறிஸ்தவ வழி. அந்தக் காலத்தில் அவர்கள் சபையில் ஒருவர் பல பெண்களைக் கட்டுவது வேதக் கட்டளையாக இருந்ததாம். பிறகு அரசாங்கம் நெருக்கியது, சபையே அதை விட்டுவிட்டது. விடமாட்டோம் என்று அடம்பிடித்தவர்களைச் சபை வெளியே தள்ளியது. ஓர்சன், அப்படித் தள்ளப்பட்டவர்களின் பரம்பரை. பாட்டனார் மாட்டு வண்டியில் பாலைவனம் தாண்டியபோது ஏழு பெண்சாதி. தகப்பனுக்கு ஐந்து. இவர் காலத்தில் விலைவாசி ஏறிவிட்டதால் நாலோடு நின்றுவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

வெள்ளைக்காரப் பெயர்கள் தோட்டத்துச் சனங்களின் வாயில் நுழையவில்லை. ஆனால் முறை சொல்லிக் கூப்பிட அவர்களுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. மூத்தவர் லவீனா, பெரியம்மா. அடுத்தவர் நடுவம்மா. அதற்கடுத்தவர் சின்னம்மா. கடைசி ஆள் குட்டியம்மா. இங்கிலீஷில் இதற்கெல்லாம் வார்த்தை இல்லையாம். பெரியம்மாவே ஆச்சரியப்பட்டுச் சொன்னார்: "எங்களுக்காகவே செய்த பாஷை மாதிரி இருக்கிறது."

அந்த வீட்டில் எல்லாமே முறைதான். சமையல் ஒரு கிழமை ஒருவர், துவைப்பது ஒருவர், பிள்ளைகளுக்குப் பாடம் ஒருவர், ஒருவருக்கு ஓய்வு. புருஷனும் அந்த முறைக்குள் அடக்கம். முறையைக் கையில் வைத்திருந்தவர் பெரியம்மா. ஓர்சன் ஏதோ ராஜா மாதிரி இருப்பார் என்று நினைத்துத்தான் போனேன். பார்த்தால், எந்த அறைக்குப் போகவேண்டும் என்று பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டு நிற்கிற மனிதர்.

"சண்ட வராதாம்மா?" என்று ஒருநாள் காரில் போகும்போது கேட்டேன்.

"தினமும் வரும். சட்டிக்கு வரும், சவுக்காரத்துக்கு வரும். ஆளுக்காக ஒருநாளும் வந்ததில்லை," என்றார் பெரியம்மா. பின் சீட்டிலிருந்த நடுவம்மா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வேறொரு நாள் தனியாக வந்தபோது அவரே பேச்சை எடுத்தார்: "செல்லச்சாமி, பங்கு போட்டுப் பழகிவிடலாம். பங்கு போட ஆசைப்படத்தான் முடியாது. என் மகளுக்கு இது வேண்டாம்." நான் கதை அளப்பவன்தான். இந்த இரண்டு வரியில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

தேத்தண்ணி விஷயத்தைச் சொன்னால் இதைவிட நம்பமாட்டீர்கள். சன்னலைத் திறந்தால் தேயிலை, கதவைத் திறந்தால் தேயிலை. உள்ளே இருப்பவர்கள் ஒரு சொட்டுத் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள். வேதத்தில் தடையாம். வருகிறவர்களுக்குப் பெலிமல், அதாவது காய்ந்த வில்வப் பூ, அவித்து, கித்துள் பனைப் பாணி ஊற்றிக் கொடுப்பார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் கிழவிகள் கூடிக் கவலைப்பட்டார்கள்: "தேத்தண்ணி இல்லாமத்தான் பாவம் நாலு கட்ட வேண்டி வந்திருக்கு."

இன்னொன்று. ஓர்சன் யாரைக் கண்டாலும் அவர்களுடைய பாட்டன் பூட்டன் பெயரைக் கேட்பார். செத்துப்போனவர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுத்து மோட்சத்துக்கு அனுப்பலாமாம். எங்கள் ஆட்களிடம் பாட்டன் பெயர் கேட்டால் விடுவார்களா? பிரஜாவுரிமைக்காக ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி, பாட்டன் இங்கே பிறந்தானா, பூட்டன் இங்கே செத்தானா என்று பதில் சொல்லிச் சொல்லியே நாக்குத் தேய்ந்தவர்கள். லயத்து வீரய்யா பெயர்களை ஒப்பித்துவிட்டு என்னிடம் சொன்னான்: "கந்தோருல எம்புட்டுச் சொல்லியும் நம்பல. இந்தத் தொர ஒரு தடவ சொன்னதுமே மோச்சத்துக்கே டிக்கட் குடுத்துட்டாரு. இவர கந்தோருல ஒக்கார வச்சா நல்லாருக்கும்."

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெரியம்மாவுக்கு உலகத்தில் ஒன்றுக்குத்தான் பயம். அட்டைக்கல்ல, பாம்புக்கல்ல, பஸ்ஸுக்கு.

கலியாணமான புதிதில் அவர்களுடைய ஊரில், விடியக்காலையில் பொலிஸ் வந்து வளைத்துக்கொண்டதாம். ஆண்கள் மறியலுக்கு, அதாவது ஜெயிலுக்கு. பிள்ளைகள் ஒரு பஸ்ஸில், தாய்மார் இன்னொரு பஸ்ஸில். ஒரே இடத்துக்குத்தான் போகிறோம் என்று சொல்லி ஏற்றியிருக்கிறார்கள். ஒரு சந்தியில் முன்னால் போன பஸ் இடப்பக்கம் திரும்பியது. இவருடைய பஸ் வலப்பக்கம் திரும்பியது. பிள்ளையைத் திரும்பக் கண்ணில் காண இரண்டு வருடம் எடுத்தது. மூத்தவன் ஹைரம் வந்து நின்று, பெற்ற தாயை "மேடம்" என்று கூப்பிட்டானாம்.

அன்றைக்குப் பெரியம்மா சத்தியம் செய்தார்: என் குடும்பம் இனி இரண்டு வண்டியில் போகாது. கொழும்புக்கு வந்ததும் ஒரே கப்பல். கண்டிக்கு வந்ததும் ஒரே ரயில்பெட்டி. ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறியதும் முஹைதீன் நானாவின் மரக்கறி லொறியில், கோவா மூட்டைகளும் பிள்ளைகளும் கலந்துதான்.

இரண்டு வருடம் நன்றாகப் போனது. அப்புறம்தான் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற அந்தக் காலம் வந்தது. அரிசி இல்லை, மா இல்லை. கூட வைத்திருந்தால் பதுக்கல் என்று பிடித்தார்கள். இந்தக் குடும்பத்துக்கோ இன்னொரு வேத வழக்கம்: ஒரு வருடத்துச் சாப்பாட்டை எப்போதும் வீட்டில் சேர்த்து வைக்க வேண்டும். வந்த முதல் மாதத்திலிருந்தே மரவள்ளியைச் சீவிக் காயவைப்பதும், பலாக்கொட்டையை மணலில் புதைப்பதும், குரக்கன் தானியத்தைத் தகரத்தில் அடைப்பதுமாக இருந்தார்கள். ஊர் பட்டினி கிடக்கும்போது அவர்களுடைய களஞ்சியம் குபேரன் வீடு மாதிரி இருந்தது. லயத்துச் சனங்களுக்கு அள்ளியும் கொடுத்தார்கள். கொடுத்ததால்தான் விஷயம் வெளியே தெரிந்தது. யாரோ ஒரு புண்ணியவான் பெட்டிசன் எழுதிவிட்டான்.

விசாரிக்க ஓர் உத்தியோகத்தர் வந்தார். எந்தக் கந்தோர் என்று சொல்லமாட்டேன். பெயரும் சொல்லமாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். இளம் ஆள், வெள்ளைக் காற்சட்டை, சிவப்புக் கோடு போட்ட டை. டைக்கார ஐயா என்று வைத்துக்கொள்வோம். மரவள்ளி மூட்டையை எண்ண வந்தவர், அதைத் தின்ன எத்தனை வாய் இருக்கிறது என்று எண்ணப்போக, பெண்சாதிகளின் கணக்கு வெளியே வந்துவிட்டது. விசாவில் ஒரு மனைவி. மற்ற மூன்று பேரும் 'உறவினர்', அவர்களுக்குத் தவணை முடிந்து நாளாகிவிட்டது.

இரண்டு கிழமையில் டைக்கார ஐயா ஒரு ஜீப்போடு திரும்பி வந்தார். ஜீப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கூரையும் இல்லை, கதவும் இல்லை. அன்றைக்கு நானும் பங்களாவில்தான் நின்றேன். முஹைதீன் நானாவின் லொறி வெங்காயம் ஏற்றத் தம்புள்ளைக்குப் போயிருந்தது.

"ஓடர் வந்திட்டுது," என்றார் டைக்கார ஐயா. கண்டியில் பெரிய ஐயா குடும்பத்தைப் பார்க்க வேண்டும். பிறகு நாட்டை விட்டு அனுப்புவார்கள். புருஷனும் விசாவில் உள்ள மனைவியும் ஒரு கப்பலில். மற்றவர்கள் பகுதி பகுதியாகப் பிறகு. இன்றைக்குப் பிள்ளைகள் ஜீப்பிலும் காரிலும். பெரியவர்கள் நாளைக்கு.

பெரியம்மா பங்களாப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். மற்ற மூன்று அம்மாக்களும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பதினொரு பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். ஓர்சனும் முறை தெரியாமல் கொஞ்சம் நின்றுவிட்டு உட்கார்ந்தார். அவர்களைப் பிரிப்பதென்றால் படிக்கட்டோடு பெயர்த்துக்கொண்டுதான் போக வேண்டும்.

டைக்கார ஐயா என்னிடம் வந்தார். "ட்ரைவர், அந்த அம்மாவுக்கு விளங்கப்படுத்தும். ரெண்டு வாகனம் நிக்குது. ஆறுதலாப் போகலாம்."

"ரெண்டு வாகனம்கிறதுதாங்க ஐயா வில்லங்கமே," என்று பஸ் கதையைச் சொன்னேன். இந்த ஒரு தடவை ஒன்றும் கூட்டாமல் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தினை வரியம் பிள்ளையைக் காணேல்லை?"

"ரெண்டு வருசங்க. அந்தா, தாடியோட ஒக்காந்திருக்காரே, அவருதாங்க அந்தப் புள்ள."

ஹைரம் அப்போது இருபதைத் தாண்டிய ஆம்பிளை. தாயின் சால்வை நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டைக்கார ஐயா அதை நெடுநேரம் பார்த்தார்.

"உம்மட காரில எத்தினை பேர் பிடிக்கும்?"

"சட்டப்படி நாலு பேருங்க."

"சட்டத்தை விடும்," என்றார் அந்த அரசாங்க உத்தியோகத்தர்.

அடுக்கத் தொடங்கினேன். முன்னால் நான், ஓர்சன், குட்டியம்மா. ஓர்சனின் முழங்காலுக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகள், குட்டியம்மா மடியில் ஒன்று. பின்னால் மூன்று அம்மாக்கள், மடிக்கு ஒன்றாக மூன்று. காலடியில் மூன்று, மத்தி மீன் மாதிரி தலையும் காலும் மாற்றி. டிக்கியைத் திறந்து, மூடியைக் கயிற்றால் கட்டி, அதில் ஹைரம். மிச்சம் இருந்தது பெரியம்மாவின் கடைக்குட்டி நவோமி, அஞ்சு வயது. அவள் தன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆடும் குடும்பம்தானே, அது மட்டும் ஏன் வேறு வண்டியில் வரவேண்டும் என்று கேட்டாள். தாயின் சத்தியத்தைத் தாயைவிட நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளை. ஆடும் ஏறியது.

இனி ஒரு துரும்புக்கும் இடமில்லை என்ற நேரத்தில் பெரியம்மா சன்னலால் தலையை நீட்டினார். டைக்கார ஐயாவைக் காட்டி, "இவரும் எங்களோடு வர வேண்டும். வேறு வண்டியில் வந்தால், எந்தச் சந்தியில் யாரை எந்தப் பக்கம் திருப்புவார் என்று எனக்குத் தெரியாது."

டைக்கார ஐயா தன் ஜீப்பைப் பார்த்தார். தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு டிக்கிக்குள் ஏறி உட்கார்ந்தார். நவோமியை மடியில் வைத்தார். நவோமியின் மடியில் ஆடு.

காரின் ஸ்பிரிங் எவ்வளவு இறங்கியதென்றால், அடியால் போன எறும்பு குனிந்துதான் போயிருக்கும். ரோட்டில் தேயிலைக் கூடையோடு நின்ற பெண்கள் கைதட்டினார்கள். குட்டியம்மா பாட்டு எடுக்க, பின்னால் மூன்று சுருதியில் அம்மாக்கள் சேர, டிக்கியிலிருந்து ஹைரம் தடித்த குரலில் எடுத்துக்கொடுக்க, ஒரு கோயிலே சக்கரம் பூட்டிக்கொண்டு மலை இறங்கியது. பின்னால் ஜீப் வந்தது. அதன் ட்ரைவரைத் தவிர அதில் ஒரு ஈ எறும்பு இல்லை. தாராளமாக இடம் உள்ள வண்டி வெறுமையாக வர, முன்னால் நாங்கள் மூச்சைப் பங்குபோட்டு விட்டுக்கொண்டு போனோம்.

தெல்தெனியவில் பொலிஸ்காரர் ஒருவர் கையை நீட்டினார். குனிந்து உள்ளே பார்த்தார். எண்ணத் தொடங்கினார். பிள்ளைகள் நெளிந்ததில் கணக்குப் பிசகி, முதலிலிருந்து எண்ணினார். இரண்டாவது தடவை ஒரே பிள்ளையை இரண்டு சன்னலில் கண்டார். "மே மொகத?" என்று என்னைக் கேட்டார், இது என்ன என்று. "எக பவுலய் மஹத்தயா," என்றேன், ஒரே குடும்பம் என்று. பின்பக்கம் போய் டிக்கியில் ஆட்டையும் டையையும் ஒன்றாகக் கண்டதும், அந்த மனிதருக்குத் தன் கண்ணிலேயே சந்தேகம் வந்துவிட்டது. "யன்ன, யன்ன," என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

தென்னக்கும்புர பாலத்தைத் தாண்டிக் கந்தோர் வாசலில் நிறுத்தினேன். ஆட்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எதிர்க்கடைச் சனம் கூடிவிட்டது. விறாந்தைக்கு வந்த பெரிய ஐயா தூணைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக டிக்கியிலிருந்து தன் கீழ் உத்தியோகத்தர் இறங்கியதைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். சிரிக்கப் போனாரா, அழப் போனாரா தெரியாது. டைக்கார ஐயா கழுத்தைத் தடவினார். டை முடிச்சு மட்டும் இருந்தது. மிச்சத்தை ஆடு தெல்தெனியவுக்கும் கண்டிக்கும் இடையில் முடித்துவிட்டது.

எல்லாரும் உள்ளே போனார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் வெளியே காருக்கு விசிறிக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபோது ஓடர் மாறியிருந்தது. ஒரு மாதத் தவணை. எல்லாரும் ஒரே கப்பலில் போகலாம், மெக்சிக்கோவில் இருக்கும் உறவினரிடம். பெரியம்மா வந்து, பால் கறந்த மாட்டைத் தடவுகிறதுபோல என் காரின் பொனட்டைத் தடவினார்.

டைக்கார ஐயா என் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோனார். "ட்ரைவர், டிக்கியில ஆர் இருந்தது எண்டு ஒருத்தருக்கும் சொல்லப்படாது. ஊரில எனக்குக் கலியாணம் பேசுகினம். ஆட்டோட டிக்கியில வந்த மாப்பிள்ளை எண்டு தெரிஞ்சால் முடிஞ்சுது."

வாக்குக் கொடுத்தேன். பெயரைச் சொல்லக் கூடாது என்றுதான் வாக்கு. கதையைச் சொல்லக் கூடாது என்று அதில் இல்லை. முப்பத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன மாசி மாதம் ஒரு காலைப்பொழுது. ராஜலிங்கத்தார் பேப்பரோடு மூலையில் இருந்தார். ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கினார். ட்ரைவர் பையன் உள்ளே எட்டிப் பார்த்து, "அந்தா, அவருதான் ஏ-ஃபோர்ட்டி செல்லச்சாமி. ஆனா அவர் சொல்றதில பாதியக் கழிச்சுடுங்க," என்றான்.

அந்தப் பெண் என் முன்னால் வந்து, தோட்டத்துத் தமிழில், துருப்பிடித்த பூட்டைத் திறப்பதுபோல மெதுவாகச் சொன்னார்: "செல்லச்சாமி அண்ணே. ஆடு ஞாபகம் இருக்கா?"

நவோமி. உட்காரவைத்து ஜமால்தீனிடம் பெலிமல் கேட்டேன். "வேணாம், பிளேன்டீ," என்றாள். "அம்மா மேல இருந்து பாப்பாங்க. பரவாயில்ல." உனக்கு எத்தனை, அதாவது உன் புருஷனுக்கு எத்தனை என்று கேட்டேன். "ஒருத்தி. நான்தான். அதுக்கே நேரம் காணாது," என்று சிரித்தாள்.

பிறகு இங்கிலீஷில் சொன்னாள். பெரியம்மா போன வருடம் போய்விட்டார். மெக்சிக்கோவுக்குப் போன பிறகு குடும்பம் மெல்ல மெல்லச் சிதறிவிட்டது. நடுவம்மா தன் பெண்களைக் கூட்டிக்கொண்டு விலகினார். ஹைரம் செத்துப் பத்து வருடம். மற்றவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, பழையதைக் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள். கடைசி நாட்களில் பெரியம்மா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாராம்: ஒருநாள் நாங்கள் எல்லாரும் ஒரே காரில் வந்தோம், ஒருவரையும் விடவில்லை. பார்க்க வந்தவர்கள் தலையைத் தடவி, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது, இத்தனை பேர் ஒரு காருக்குள் எப்படி என்றார்களாம். நவோமியின் சொந்தப் பிள்ளைகளே சிரித்தார்களாம்.

"எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் எனக்கு அஞ்சு வயது. அம்மா சொல்லிச் சொல்லி வந்த ஞாபகமோ என்னவோ," என்றாள். "அம்மா கடைசியாகச் சொன்னது உண்மையா, பிசகா? அதைத் தெரிந்துகொண்டு போகத்தான் வந்தேன்."

"உண்மதான் புள்ள. நான்தானே ஓட்டினேன்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாசலில் நின்ற முச்சக்கரப் பையன் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தான். ஜமால்தீன் அடுப்பைக் கிளறினான். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் அளந்த கதையெல்லாம் எனக்கே குறுக்கே வந்து நின்றது. எறும்பு குனிந்தது என்று சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"வேறு யாராவது பார்த்தவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டாள். "என்னை மடியில் வைத்திருந்த அந்த ஆபீசர்?"

நான் மூலைப் பக்கம் பார்க்கவில்லை. வாக்கு வாக்குதான். "அவர் பேரு எனக்கு மறந்துபோச்சு புள்ள," என்றேன்.

மூலையில் பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது. நான்காக மடித்து, கதிரையில் வைத்து, ராஜலிங்கத்தார் எழுந்து வந்தார். நவோமிக்கு முன்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினேழு பேர் எண்டு இவர் சொல்லுறது பிழை," என்றார். "ஓட்டினவரை விட்டிட்டார். பதினெட்டுப் பேர். இந்த மனிசன் சீவியத்தில குறைச்சுச் சொன்ன கணக்கு இது ஒண்டுதான்."

நவோமி அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு பொத்தான் திறந்த அவருடைய வெறும் கழுத்தைப் பார்த்தாள். "டை?" என்றாள்.

"சிவப்புக் கோடு போட்டது. உம்மட ஆடு திண்டது. பெரியவருக்கு நான் உள்ளுக்குப் போய்ச் சொன்னனான், ஐயா, இந்த அம்மாவை ரெண்டு கப்பலில ஏத்த ஏலாது, நான் டிக்கியில இருந்து பார்த்திட்டு வாறன் எண்டு." அவர் பக்கத்துக் கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "உம்மட அம்மாவுக்குப் புத்தி பிசகேல்லைப் பிள்ளை. நாங்கள் எல்லாரும் ஒரே வண்டியிலதான் வந்தனாங்கள்."